சென்னை 57: தபால்காரம்மா பதில்கள்

போன மாதம் எண்ணூரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, 'ஒரு நாள் வந்து பாருங்கள்' என்று முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அனுப்பிவிட்டார். எண்ணூரிலும் கத்திவாக்கத்திலும் 31 வருஷம் அடுத்தவர் கடிதத்தைச் சைக்கிளில் சுமந்தவள் நான். என் பெயருக்கே ஒரு கட்டு வந்தது இதுதான் முதல் தடவை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. கைக்கு வந்ததை எடுத்து எழுதுகிறேன்.

*என் மகன் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரன்டிஸாகச் சேர்ந்திருக்கிறான். பொங்கல் கழிந்து அவனைப் பார்க்க நானும் அவன் அப்பாவும் இரண்டு நாள் வருகிறோம். "இங்க புகையும் கன்டெய்னர் லாரியும்தாம்மா இருக்கு, மெரினாவுக்குப் போயிடலாம்" என்கிறான். பார்க்க ஒன்றுமே இல்லையா அக்கா?*
*— ஒரு வாசகி, திருச்சி*

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை தங்கச்சி. ஷிஃப்ட் பஸ் ஜன்னலில் தெரிகிற எண்ணூர் அவ்வளவுதான். ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் வரிசையாக நிற்கும் லாரி, லாரிக்குக் கீழே ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கிற டிரைவர். வந்து மூன்று மாதம்தானே ஆகியிருக்கும், வேறு எதைப் பார்த்திருப்பான்?

வந்த மறுநாள் காலை ஐந்தரைக்கே அவனை எழுப்புங்கள். முனகுவான், எழுப்புங்கள். ஆட்டோ பிடித்துத் தாழங்குப்பம் தாண்டி முகத்துவாரத்துக்குப் போங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம் அது. மணலில் வடக்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் ஆறு. எதிரே அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கும் அந்தப் பக்கம் துறைமுகத்து கிரேன்கள். இவ்வளவு பெரிய சாமான்களுக்கு நடுவில் ஒருத்தர் சின்ன ஃபைபர் படகில் நின்றுகொண்டு வலையை உதறிக்கொண்டிருப்பார். ஊர் என்பது இந்த இடம்தான், மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டினது என்று எனக்குத் தோன்றும்.

தண்ணீர் வற்றுகிற நேரமாக அமைந்துவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆற்றின் உள்பக்கம், ஆழமில்லாத இடத்தில், இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும் மிதக்கிற மாதிரி இருக்கும். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டுத் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் தட்டியதும் ஒரு அமுக்கு. கை மேலே வரும், இறால் பறிக்குள் விழும், கை மறுபடி உள்ளே போய்விடும். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. வாயில் பறி இருப்பதால் பேச்சும் கிடையாது.

சேற்றுக்குள் சிப்பி ஓடும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில் அந்தப் பெண்களிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறேன். மை தொட்டு அழுத்தினால் ரேகையைவிட வெட்டுத்தான் தெளிவாக விழும். ஒரு பாட்டிக்கு வலது கட்டைவிரலில் ரேகையே இல்லை. இடது கையில் வாங்கிக்கொண்டு போய் ஆபீசில் திட்டு வாங்கினேன்.

மகனுக்கு ஊர்க்கதை தெரிய வேண்டுமானால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பித்து எண்ணூரில் பட்டறை போட்டார். அசோக் என்பது அவர் மகன் பெயர். முதலில் ஆஸ்டின் கார்தான் பூட்டினார்கள். 1955இல் லேலண்டு சேர்ந்து அசோக் லேலண்டு ஆனது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்தது, 450 மெகாவாட். 2017 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் குவார்ட்டர்ஸில் தீபாவளி வாரம் வாழ்த்து அட்டை மட்டும் தனிப் பையில் போகும். எந்த ஜன்னலுக்குக் கீழே நின்று எந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். துறைமுகம் வந்தது 2001இல். 2014இலிருந்து அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர்.

சாயங்காலம் திருவொற்றியூருக்குப் போய்த் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் பார்த்துவிட்டு, கடலோரம் பட்டினத்தார் சமாதியிலும் கொஞ்சம் உட்காருங்கள். பேய்க்கரும்பு நுனி தித்தித்த இடம். மெரினாவை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*ரயிலா, பஸ்ஸா, மெட்ரோவா? எங்கே இறங்குவது?*
*— ஒரு வாசகர், வேலூர்*

ரயில்தான். சென்ட்ரலில் பெரிய ஸ்டேஷனுக்குள் போகாதீர்கள், பக்கத்தில் மூர் மார்க்கெட் கட்டடத்தில்தான் புறநகர் வண்டிகள் நிற்கும். கும்மிடிப்பூண்டி அல்லது சூளூர்ப்பேட்டை வண்டி. டிக்கெட் ஒரு டீ விலைகூட ஆகாது. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், அப்புறம் எண்ணூர். விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். அதுவே ஸ்டேஷனுக்கும் பெயராகி நின்றுவிட்டது.

ஒரு சின்ன யோசனை. முதல் தடவை வருகிறவர்கள் ஒரு ஸ்டேஷன் தள்ளி அத்திப்பட்டு புதுநகருக்கு டிக்கெட் எடுங்கள். எண்ணூர் தாண்டியதும் வண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். வாசல் பக்கம் நிற்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஆறு, அலையாத்திப் பச்சை, மின்கோபுரம் எல்லாம் ஒரே பார்வையில் வந்து ஒரு நிமிஷத்துக்குள் போய்விடும். அடுத்த வண்டியில் திரும்பி எண்ணூரில் இறங்குங்கள். இப்படிப் போய்வருவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்தவள் நான்.

மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து மாறாமல் வரலாம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எர்ணாவூர் வழியாக எண்ணூர். கடலோர எக்ஸ்பிரஸ் ரோட்டில் கார் எடுத்து வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. லாரிக்குப் பின்னால் நின்றபடி கடலை நிறைய நேரம் பார்க்கலாம்.

*நான் மரக்காணத்துக்காரன், வரலாறு படிக்கிறேன். எங்கள் ஊரில் முடிகிற பக்கிங்காம் கால்வாய் உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது. எண்ணூரில் இப்போது படகு போகிறதா? பழைய படகுகளைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?*
*— ஒரு மாணவர், விழுப்புரம் மாவட்டம்*

கால்வாயின் தெற்கு முனையிலிருந்து ஒருத்தர் கேட்கிறார் என்றதும் இதை முதலில் எழுதத்தான் நினைத்தேன். தம்பி, உங்கள் கால்வாய் பிறந்ததே எங்கள் ஊருக்காகத்தான். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டினார், சுமார் 11 மைல். காக்ரேன் கால்வாய் என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். அப்புறம் அது பழவேற்காட்டுக்கு நீண்டது, ஆந்திரத்துக்குள் போனது, தெற்கே உங்கள் ஊருக்கும் வந்தது. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து, நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை வெட்டினார்கள். அப்போது இருந்த கவர்னர் பக்கிங்காம் பிரபு. பெயர் அவருக்குப் போய்விட்டது.

இந்தக் கால்வாய்க்குச் சொந்த ஓட்டம் கிடையாது. கடலுக்கு இணையாகப் போகிற உப்புத்தண்ணி. கடல் ஏறினால் முகத்துவாரம் வழியாக இதுவும் ஏறும், கடல் வற்றினால் வற்றும். அதனால் ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் லாக்கு கட்டினார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, தண்ணீர் மட்டம் சமமாகும்வரை காத்திருந்து, முன்கதவைத் திறப்பது.

பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டீர்கள். என் தாத்தா அந்தப் படகை இழுத்தவர். சூளூர்ப்பேட்டைப் பக்கமிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜுக்கு வருவார்கள். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி. கழியும் எட்டாத ஆழத்தில் ஒரு ஆள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடு மாதிரி முன்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். தாத்தாவின் வலது தோளில் கயிறு அறுத்த தழும்பு, புளியங்கொட்டையைத் தேய்த்து வைத்த மாதிரி வழவழவென்று மின்னும். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது பாட்டி அந்த இடத்துக்கு மட்டும் கையை மெதுவாக்குவாள். வலிக்குமா தாத்தா என்று நான் கேட்டால், "அது செத்த தோலு, அதுக்கு என்னா தெரியும்" என்பார்.

திரும்பிப் போகிற நடையில் வெறும் படகு போகாது, மளிகை ஏறும். விறகு அடுப்பு போய் லாரி வந்ததும் படகுக்காரர்கள் ஒவ்வொருவராகத் துறைமுகத்துக்கும் மில்லுக்கும் கூலியாகப் போய்விட்டார்கள். புயல்களில் கரை உடைந்தது வேறு. நகரத்துக்குள் கால்வாயின் நடுவிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். 2008இல் இதைத் தேசிய நீர்வழி எண் 4இல் சேர்த்து அறிவித்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு நம் பக்கம் சரக்குப் படகு எதையும் நான் பார்க்கவில்லை. எண்ணூருக்கு வடக்கே மீன்படகு போகிறது. தெற்கே நகரத்துப் பக்கம் குப்பை போகிறது.

நீங்கள் வந்தால் எர்ணாவூர்ப் பக்கம் ஆரம்பித்து, கால்வாய் ஆற்றோடு கலக்கிற இடம்வரை கரையோரம் நடந்து பாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். முள்ளும் ஊசியும் கிடக்கும்.

*ஃபிளமிங்கோ எந்த மாதம் வரும்? எண்ணூரில் காடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நிஜமாகவா?*
*— ஒரு வாசகர், பெங்களூரு*

பூநாரை பார்க்க ஆசையென்றால் பழவேற்காட்டுக்குப் போங்கள். பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்கள் கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண் நிற்கிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

எண்ணூர்க் காடு என்று நான் சொன்னது அலையாத்தி. அலையை ஆற்றுவதால் அந்தப் பெயர் என்பார்கள். புலி, மான் கிடையாது. காட்டுக்குப்பம் பக்கம் ஆற்றோரம் ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் நிற்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது அதன் மூச்சுவேர்; சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் வேர் மூச்சுவிட வெளியே வருகிறது. குடித்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறின பிறகு இலையை விரலால் தேய்த்தால் நறநறவென்று உப்பு ஒட்டும். சின்ன வயதில் நக்கிப் பார்த்திருக்கிறோம். நீங்கள் விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சேற்றில் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, செந்நிறக் குச்சிக்காலில் நடக்கிற நெடுங்கால் உள்ளான் எல்லாம் வரும். செம்பருந்து எப்போதும் மேலே சுற்றும். மின்கோபுரத்துக் கம்பியில் கூழைக்கடா உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கம்பி எப்படி நின்றது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. படகில் போக ஆசைப்பட்டால் குப்பத்தில் யாரிடமாவது கேளுங்கள், பேரம் பேசாதீர்கள். துறைமுக வேலிப் பக்கம் மட்டும் கேமராவைத் தூக்க வேண்டாம். காவலுக்கு நிற்கிறவர்களிடம் பறவையைத்தான் எடுத்தேன் என்று நிரூபிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

*எண்ணூர் மீனைச் சாப்பிடலாமா?*
*— ஒரு வாசகி, அம்பத்தூர்*

நான் செய்வதைச் சொல்கிறேன். கடல் மீனை நெட்டுக்குப்பத்துக் கரையில் படகு வந்ததும் வாங்குகிறேன். கிழங்கான், சங்கரா, நெத்திலி. நெத்திலிக்கு மாங்காய் போட்டுக் குழம்பு. ஆற்று இறாலை முன்போல வாரம் மூன்று நாள் சமைப்பதில்லை, எப்போதாவதுதான். மட்டியும் ஆளியும் அறவே விட்டாயிற்று. அவை ஒரே இடத்தில் கிடந்து தண்ணீரை வடிகட்டியே உயிர் வாழ்கிறவை. தண்ணீரில் இருக்கிற ஈயமும் எண்ணெயும் அதன் சதையில்தான் தங்கும். என் அம்மா வைத்த மட்டிக் குழம்பின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

*விஷவாயுக் கசிவு, எண்ணெய்க் கசிவு என்று பேப்பரில் பார்க்கிறோமே. குழந்தைகளோடு வரலாமா? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?*
*— ஒரு வாசகி, கோயம்புத்தூர்*

2023 டிசம்பரை எங்கள் ஊர் மறக்காது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளம் வடிகிறபோது கால்வாய் வழியாக எண்ணெயும் சேர்ந்து வந்தது. ஆற்றோர வீடுகளில் சுவரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. மீனவப் பிள்ளைகள் வாளியிலும் மக்கிலும் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். படகும் வலையும் எண்ணெயாகி, அலசி அலசிப் பார்த்துவிட்டுப் பல வலைகளைக் கொளுத்தினார்கள்.

அது ஆறுவதற்குள் 26ஆம் தேதி. அன்று காலைதான் சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றிவிட்டு வந்தோம். ராத்திரி பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், பெரியகுப்பத்துக் கடலில் கிடக்கிற அமோனியா குழாயில் கசிவு. எனக்கு முதலில் பாத்ரூம் நாற்றம் போல இருந்தது. எழுந்து பினாயில் பாட்டிலைத் தேடினேன் என்றால் பாருங்கள். அப்புறம் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, தெருவில் செருப்புச் சத்தம். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பேரனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினோம். வழியில் போன லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, பத்துப் பதினைந்து பேரைத் தூக்கி ஏற்றிக்கொண்டார். மேலே லாரியைக் கிண்டல் செய்தேன், அவருக்காக அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் வந்து போகிறவர்களுக்குப் பயமில்லை, வாருங்கள். குழந்தைகளை முகத்துவாரத்தில் மட்டும் குளிக்க விடாதீர்கள், இழுப்பு அதிகம். மற்ற பயமெல்லாம் இங்கேயே இருக்கிறவர்களுக்கு. அவர்கள் கேட்பது மணியடிக்கிற ஒரு சைரனும், நேரத்துக்கு வருகிற ஒரு ஆம்புலன்ஸும்.

*தங்க நல்ல லாட்ஜ்?*
*— ஒரு வாசகர், மதுரை*

சென்ட்ரல் பக்கம் தங்கிக்கொண்டு காலை முதல் வண்டியில் வாருங்கள்.

*உங்கள் எழுத்தை நம்பி ஞாயிறு மதியம் 12 மணிக்குக் காரில் போனேன். இரண்டு மணி நேரம் டிராஃபிக். ஆற்றில் பிளாஸ்டிக். மீன் விற்கும் ஒரு அம்மாவைப் போட்டோ எடுத்ததற்குக் கண்டபடி திட்டினார். ஏன் இப்படி எழுதி ஆட்களை அலையவைக்கிறீர்கள்?*
*— ஒரு வாசகர், தாம்பரம்*

பிளாஸ்டிக் இருக்கிறது, மன்னிக்க வேண்டும். நான் போன மாதம் அதை எழுதாமல் விட்டது தப்புதான். மதியம் 12 மணிக்குப் போகச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த நேரத்தில் எங்கள் ஊர் நாய்கூட நிழலைவிட்டு வெளியே வராது.

அந்த அம்மா விஷயம். காதில் கம்மல் இல்லாமல் துடைப்பக்குச்சி சொருகியிருந்தாரா? கையில் பச்சை குத்தியிருந்ததா? அப்படியென்றால் எனக்குத் தெரிந்தவர்தான். நான் தபால் கொடுத்த பீட்டில் கடைசி வீடு. என்னையும் முதல் வருஷம் முழுக்கத் திட்டினார், மழையில் அவர் பையன் கடிதத்தை நனைத்துவிட்டேன் என்று. எண்ணெய் வந்த அந்த டிசம்பரில் கேமராக்காரர்கள் தினம் இருபது பேர் வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். மீன் வாங்கினவர் ஒருத்தர் இல்லை.

அடுத்த தடவை காலை ஏழு மணிக்குள் போங்கள். கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டு, "யம்மா, கூறு என்ன விலை" என்று ஆரம்பியுங்கள். இரண்டு கூறாக வாங்குங்கள். பை நீங்களே கொண்டுபோக வேண்டும், அவர் தரமாட்டார்.